பிள்ளையைத் தாண்டிய சத்தியம்

தம்பி,

நலம் விசாரிக்க இந்தக் கடிதம் இல்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை வந்து கணக்கில்லாமல் தோசை தின்றுவிட்டுப் போனதை என் கண்ணாலேயே பார்த்தேன். தபாலில் போட்டால் எப்போது வந்து சேருமோ தெரியாது, எனக்கோ வெள்ளிக்கிழமைக்கு முன்னால் இது உன் கையில் இருந்தாக வேண்டும். அதனால் நம் கடையில் நாஷ்டா சாப்பிட வரும் நெல்லூர் லாரி டிரைவரிடம் கொடுத்து, கும்மிடிப்பூண்டியில் உன் கம்பி ஃபாக்டரி கேட்டில் வண்டியை நிறுத்தி, உன்னைக் கூப்பிட்டு, உன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவருக்குத் தமிழ் படிக்க வராது. வந்தாலும் எனக்குக் கவலை இல்லை. இதில் இருப்பதை நீ உன் கீழே வேலை செய்யும் ஆட்கள் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டலாம். காட்டினால் சந்தோஷப்படுவேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை உன் வார்த்தையிலேயே முதலில் எழுதிவிடுகிறேன், நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று நாளைக்கு நீ மாற்றக் கூடாது. புது டெரிலின் சட்டையில் சாம்பார் தெறிக்காமல் துண்டை மடியில் போட்டுக்கொண்டு சொன்னாய்: "எலெக்ஷன் வருது இல்லம்மா, மொதலாளியோட சம்பந்தி நிக்கறாரு. நம்ம ஆளுங்க ஓட்டு மொத்தமும் அவருக்குத்தான் வுழணும்னு மேனேஜர் சொல்லிட்டாரு. வெள்ளிக்கெழம அல்லாரையும் அம்மன் கோயிலுக்கு இட்டுக்கினு போயி, கற்பூரத்த அணைச்சி சத்தியம் வாங்கணும். அந்தப் பொறுப்பு என்னுது." நான் இன்னொரு தோசையை எடுத்து வைத்தேன். நீயே மேலே போனாய். "கற்பூரத்துக்கு பயப்படாதவனும் இருக்கறாம்மா. அதான் நான் ஒரு ஐடியா குடுத்தேன். சின்னப் புள்ள இருக்கறவங்க புள்ளய இட்டுக்கினு வரட்டும், கீழ போட்டுத் தாண்டட்டும். அப்புறம் ஒருத்தன் மாற மாட்டான்." மேனேஜர் உன் முதுகில் தட்டிக் கொடுத்தாராம். தேர்தல் முடிந்ததும் வேலை நிரந்தரம், சித்திரையில் உன் கல்யாணத்துக்குள் குவார்ட்டர்ஸ் சாவி, மணவாள நகர்ப் பெண் வீட்டாருக்கு முன்னால் தலை நிமிர்ந்து நிற்கலாம் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாய். அப்போதுதான் நான் சாம்பாரைத் தட்டுக்கு வெளியே ஊற்றினேன். "இன்னாம்மா, கை நடுங்குது, டாக்டராண்ட காட்டு" என்றாய். என் கைக்கு வயசாகவில்லை, தம்பி. பிள்ளையைக் கீழே போட்டுத் தாண்டுவது என்றால் என்னவென்று அந்தக் கைக்குத் தெரியும்.

உனக்கு அது எங்கோ காதில் விழுந்த பழைய பழக்கம். சத்தியங்களில் எல்லாம் பெரிய சத்தியம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள், அவசரத்துக்கு உதவியது, எடுத்துக் கொடுத்துவிட்டாய். பெற்ற பிள்ளையைச் சாமிக்கு முன்னால் மண்ணில் கிடத்தி, சொன்ன சொல் தவறினால் இவனை நீயே எடுத்துக்கொள் என்று தாய் ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்க வேண்டும். நான் வைத்திருக்கிறேன். கிடந்தவன் நீ. உனக்கு அப்போது இரண்டு வயசு. உனக்கு நினைவிருக்க வழியில்லை, நானும் உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. சொல்லும்படி ஒரு நாள் நீயே வைப்பாய் என்று நான் நினைக்கவும் இல்லை.

சுதந்திரம் வந்த பிறகு நாட்டுக்கே முதல் பொதுத்தேர்தல் அது. ஊர் ஊராக மாட்டுவண்டியில் வந்து தமுக்கு அடித்துச் சொன்னார்கள். இருபத்தொரு வயசு ஆன எல்லோருக்கும் ஓட்டு, ஆணுக்கும் ஒன்று, பெண்ணுக்கும் ஒன்று, பெரிய வீட்டுக்காரருக்கும் ஒன்று, அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவனுக்கும் ஒன்று. எங்கள் தெருப் பெண்கள் அதைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்து, "நெஜமாவா, நமக்குமா? வேற இன்னாத்துக்கோ சொல்றாங்களா?" என்று கேட்டார்கள். பொன்னேரியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் அவர்களுக்கு நான்தான் வக்கீல். நமக்கும்தான் என்று சொன்னபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. அதுவரை என்னிடம் யாரும் எதையும் கேட்டு முடிவு செய்ததில்லை, கல்யாணத்தையும் சேர்த்துத்தான். உன் நைனா நல்லவர்தான், ஆனாலும் பெண் பார்க்க வந்தபோது என் அப்பாவிடம்தான் கேட்டார்.

நாங்கள் அப்போது எளாவூருக்கு மேற்கே, பெரிய வீட்டுக்காரரின் நிலத்தில் குத்தகைக்கு நெல் போட்டுக்கொண்டிருந்தோம். நிலம் அவருடையது, கிணறு அவருடையது, போய்வரும் வரப்பும் அவருடையது. அவருடைய மைத்துனர் குடைச் சின்னத்தில் நின்றார். எதிர்த்து நின்றவர் தராசுச் சின்னம். பொன்னேரிப் பக்கத்து வாத்தியார், காரில் வரவில்லை, சைக்கிளில் வந்தார். களத்துமேட்டில் நின்று, உழுகிறவனை நினைத்த நேரத்தில் இறக்கிவிட முடியாதபடி சட்டம் வர வேண்டும் என்று பேசினார். பேசி முடித்ததும் தண்ணீர் கேட்டார். நான்தான் சொம்பைக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "நீங்க இன்னாம்மா நெனைக்கறீங்க?" என்று என்னைக் கேட்டார். சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். என் ஓட்டு யாருக்கு என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

அது பெரிய வீட்டுக்கும் தெரிந்திருக்கும், ஊரில் எது தெரியாமல் இருக்கிறது. தேர்தலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை எல்லோரும் எல்லையம்மன் கோயிலுக்கு வரவேண்டும் என்று ஆள் வந்தது. ஆண்கள் வரிசையாகப் போய்த் தட்டில் எரிந்த கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, குடைக்கே போடுகிறேன் என்று சொன்னார்கள். உன் நைனாவும் அணைத்தார். முடிந்தது, போகலாம் என்று நாங்கள் நகர்ந்தபோது பெரிய வீட்டுக் காரியஸ்தர் கையைக் காட்டி நிறுத்தினார். "பொம்பளைங்க எங்க போறீங்க? உங்க ஓட்டும் ஓட்டுதான. கற்பூரம் உங்களுக்கு வாணாம். புள்ளய எறக்குங்க" என்றார். என் இடுப்பில் நீ இருந்தாய், பக்கத்து வீட்டுக்காரி இடுப்பில் அவள் மகன் இருந்தான். உன் நைனாவைப் பார்த்தேன். அவர் எங்கள் நிலம் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் உன்னை இறக்கினேன். மண் சுடும் என்று முந்தானையை விரித்துப் போட்டேன். நீ விளையாட்டு என்று நினைத்துக் காலை ஆட்டிச் சிரித்தாய். தாண்டினேன். தாண்டியதும் திரும்பத் தாண்டப் போனேன். உனக்குத் தெரியும், குழந்தையைத் தெரியாமல் தாண்டிவிட்டால் வளராது என்று சொல்லித் திரும்பத் தாண்டிவிடுவோமே, அந்தப் பழக்கத்தில் கால் தானாகத் தூக்கியது. காரியஸ்தர் கோலைக் குறுக்கே நீட்டிவிட்டார். "ஏம்மா, இன்னா பண்ற? திரும்பத் தாண்டினா சத்தியம் ரத்து ஆயிடும். சுத்திக்கினு வந்து புள்ளயத் தூக்கு." சுற்றிக்கொண்டு வந்து தூக்கினேன். உன் உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே நின்றுபோனது. மணவாள நகரில் பெண் பார்க்கப் போன அன்று அந்த அம்மாள், பையன் கொஞ்சம் குட்டைதான் என்று வாய்க்குள் சொன்னாளே, நீ கூட வழியெல்லாம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாயே. அப்போது என் நெஞ்சு அடித்துக்கொண்டது உனக்குக் கேட்டிருக்காது. உன் நைனாவும் குட்டைதான், எனக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும் அடித்துக்கொண்டது.

தேர்தல் அன்று பெண்களுக்குத் தனிச் சாவடி. இப்போது போலச் சீட்டில் முத்திரை குத்துவது கிடையாது. ஒரு சீட்டைக் கையில் கொடுப்பார்கள், திரைக்குப் பின்னால் ஒவ்வொருவர் சின்னமும் ஒட்டி ஒவ்வொரு பெட்டி இருக்கும், பிடித்த பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டும். அங்கே உட்கார்ந்திருந்த டீச்சரம்மா ஒவ்வொருத்தியிடமும் பொறுமையாகச் சொன்னாள்: "பயப்படாதீங்க. நீங்க எதுல போடறீங்கன்னு யாருக்கும் தெரியாது. சாமிக்குக்கூடத் தெரியாது." எங்களுக்குத் தைரியம் சொல்லத்தான் சொன்னாள், பாவம். எங்களுக்கு முன்னால் போன ஒரு கிழவி பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள், டீச்சரம்மா போய்த் துடைத்தாள். உன்னைப் பக்கத்து வீட்டுக்காரி இடுப்பில் மாற்றிவிட்டு நான் உள்ளே போனேன்.

குடைப் பெட்டியும் தராசுப் பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இன்றைக்கும் கண்ணை மூடினால் எனக்குத் தெரிகிற இடம் அதுதான். கை தராசுக்குத்தான் போனது. சீட்டின் முனை அந்தப் பெட்டியின் வாய்க்குள் நுழைந்துவிட்டது, விட்டால் விழுந்துவிடும். அந்த நேரம் பார்த்து வெளியே நீ அழுதாய். ஆள் மாறினால் எந்தக் குழந்தையும் அழும். எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை. சீட்டை வெளியே இழுத்துக் குடையில் போட்டேன். தம்பி, நான் குடையில்தான் போட்டேன். இதை இரண்டு முறை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, இதை நம்பிய ஒருவரையும் நான் இதுவரை பார்க்கவில்லை. வெளியே வந்து உன்னை வாங்கிக்கொண்டேன், அவள் தன் பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். எதில் போட்டாய் என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பெரிய வீட்டுக்காரரின் மைத்துனர் தோற்றுப் போனார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு சாவடிப் பெட்டியையும் தனியாக எண்ணுவார்கள். எங்கள் ஊர் ஆண்கள் சாவடியில் தராசுக்கு ஒன்றும் இல்லை. பெண்கள் சாவடியில் கைவிரலில் எண்ணிவிடும் அளவுக்குச் சீட்டு இருந்தது. பெரிய வீட்டுக்குத் தோற்றதுகூடப் பெரிதில்லை, இந்தச் சில சீட்டு யாருடையது என்பதுதான் அன்றிலிருந்து பேச்சு. கிணற்றடியில், களத்தில், பொட்டிக்கடையில் ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மன் காட்டிக் கொடுப்பாள், பொறுத்திருங்கள் என்று காரியஸ்தர் சொன்னார். அந்த வாரமே உனக்கு உடம்பு கொதித்தது. மூன்றாம் நாள் நெற்றியில் முத்து முத்தாக அம்மை போட்டது.

என் நிலைமையை நினைத்துப் பார். அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருக வேண்டும். செருகினால் ஊருக்குத் தெரியும், செருகாவிட்டால் அம்மனுக்குக் குற்றம். ஒரு நாள் முழுக்கச் செருகாமல் வைத்திருந்தேன். யாராவது வாசலில் குரல் கொடுத்தால் உன் வாயை என் தோளில் அழுத்திக்கொள்வேன். நான் குடையில்தான் போட்டேன், சொன்ன சொல் தவறவில்லை, பிறகு ஏன் இவனைத் தொட்டாய் என்று அடுப்படியில் நின்று அம்மனிடம் சண்டை போட்டேன். ஒருவேளை முனை நுழைந்ததே போட்டதாகக் கணக்கோ என்றும் தோன்றியது. அப்படியெல்லாம் புத்தி போகும், தம்பி. மறுநாள் உனக்கு நினைவு தப்பியது. உன் நைனா போய் வேப்பங்கொத்தை ஒடித்து வந்து வாசலில் செருகினார். வேலை முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "நெஜத்த சொல்லு. எதுல போட்ட?" என்று கேட்டார்.

குடையில் என்றேன். "அப்ப இவனுக்கு ஏன் வந்துது?" என்றார். அதற்கு நான் என்ன சொல்வேன்? சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவேன்? யாருக்கும் தெரியாது, சாமிக்குக்கூடத் தெரியாது என்று அந்த டீச்சரம்மா சொன்னது அப்போது எனக்கு எப்படி இருந்தது என்று எழுத வரவில்லை. நான் எதில் போட்டேன் என்று காட்ட உலகத்தில் ஒரு வழியும் இல்லை. உன் உடம்பில் இருந்த முத்துகள் மட்டும்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

வேப்பிலையைப் பார்த்த அன்றைக்கே பக்கத்து வீட்டுக்காரி பின்பக்கமாக வந்தாள். அம்மை வீட்டுக்குள் வரக்கூடாது, அவள் வந்தாள். உன் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் தடவிக் கொடுத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அக்கா, நீ இல்ல. நான்தான் தராசுல போட்டேன். எம் புள்ள நல்லாத்தான் இருக்கறான், ஓடிக்கினு கீறான். உம் புள்ளைக்கு ஏன்க்கா வந்துது?" சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அவளைக் கொன்றுவிடலாம் போல் இருந்தது. பிறகு அவள் கேட்ட கேள்வியை நானும் கேட்டுப் பார்த்தேன். தாண்டிச் சத்தியம் செய்து, சொன்னபடி செய்தவள் பிள்ளை பாயில் கிடக்கிறான். அதே இடத்தில் தாண்டி, சத்தியத்தை மீறியவள் பிள்ளை தெருவில் ஓடுகிறான். அம்மனுக்கும் இந்த ஓட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அந்த நேரத்தில் எனக்குத் தெளிந்தது. சம்பந்தம் உண்டாக்கியது பெரிய வீடு. தெளிந்த பிறகு பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், உன் மூச்சைக் கேட்டுக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காரியஸ்தர் வந்து வாசலுக்கு வெளியே நின்றார். குரல் மட்டும் உள்ளே வந்தது. "அம்மனே சொல்லிட்டா, நீ ஒண்ணும் சொல்ல வாணாம். ஆனா நீ ஒருத்தி மட்டும் இல்ல, இன்னும் கொஞ்ச சீட்டு கீது. யார் யாருன்னு உனக்குத் தெரியும், படிச்சவ நீதான் அவளுங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தவ. பேரச் சொல்லு. நெலம் உன்னுதாவே இருக்கட்டும், புள்ள பேர்ல அம்மனுக்கு நாங்களே பொங்கல் வைக்கறோம்." உன் நைனா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அவருக்குக் குற்றமாகச் சொல்லவில்லை, நிலம் போனால் நாங்கள் நிற்க இடமில்லை. ஒரு பெயர் சொன்னால் போதும், அது எனக்குத் தெரிந்த பெயர். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றுபோனது. கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு யாரையும் தெரியாது" என்றேன். "நான் போட்டதே குடையிலதான். நம்பறதுன்னா நம்புங்க." காரியஸ்தர் சிரித்தார். "இப்பவுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அறுப்பு முடிந்ததும் நிலத்திலிருந்து எங்களை இறக்கினார்கள். உன் நைனா எளாவூர்ச் சோதனைச் சாவடியில் லாரிகளுக்கு மூட்டை ஏற்றி இறக்கப் போனார், நான் ரோட்டோரத்தில் இட்லிப் பானையை வைத்தேன். நீ பிழைத்தாய். இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்போடு பிழைத்தாய், கண்ணாடி முன்னால் நின்று அதை மறைக்கத்தானே முடியை முன்னால் இழுத்துவிட்டுக்கொள்கிறாய். அப்பன் நிலத்தை எப்படி விட்டான் என்று நீ என்னைப் பல தடவை கேட்டிருக்கிறாய். பங்காளிச் சண்டை என்று சொல்லிவைத்தேன். நான் போடாத ஓட்டுக்காகப் போன நிலம் அது.

நிலம் போனதைக்கூட நான் மறந்துவிட்டேன், இந்தக் கடை நம்மைக் காப்பாற்றியது. மறக்காதது உன் நைனா. என்னோடு ஒரு சண்டை கிடையாது, கை நீட்டியது கிடையாது, தீபாவளிக்குப் புடவை எடுக்காமல் இருந்ததும் கிடையாது. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறையாவது, சும்மா உட்கார்ந்திருக்கும்போது, ஏதோ வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பதுபோல் கேட்பார், "அன்னிக்கி எதுல போட்ட?" நான் சொல்வேன். ம் என்பார். அந்த ம் எனக்குப் போதாது. போன வருஷம் பொன்னேரி ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தாரே, நீ மருந்து வாங்க வெளியே போயிருந்தாய். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் கோவப்பட மாட்டேன். இப்பவாவது சொல்லிடு" என்றார். குடையில்தான் என்று சொன்னேன். கையை விட்டுவிட்டார். அவர் மனசு சமாதானமாகட்டும் என்று தராசு என்று பொய் சொல்லியிருக்கலாம். அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அதை எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன்.

இப்போது உன் வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். சத்தியம் வாங்கினால் என்ன போய்விட்டது, யோக்கியன் காப்பாற்றுவான், மற்றவன் மீறிவிட்டுப் போவான் என்று நீ நினைக்கிறாய். சத்தியம் அந்தப் பெட்டியோடு முடிவதில்லை, தம்பி. உன் ஃபாக்டரியில் கம்பி இழுக்கும் மிஷினில் விரல் நசுங்காத மாதம் உண்டா? அந்தக் குடிசைகளில் காய்ச்சல் இல்லாத வீடு உண்டா? வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒருத்தன் விரல் போனால் அது விபத்து இல்லை, அவன் மாற்றிப் போட்டதற்கு அத்தாட்சி. ஒருத்தி பிள்ளை இருமினால் அவள் புருஷனே அவளைத் திரும்பிப் பார்ப்பான். உன் மொதலாளியின் சம்பந்தி தோற்றுவிட்டால், காரியஸ்தர் போல் வாசலுக்கு வெளியே போய் நின்று பெயர் கேட்பதற்கு மேனேஜர் யாரை அனுப்புவார்? உன்னைத்தான் அனுப்புவார். பொறுப்பு என்னுது என்று நீயே சொன்னாய்.

குவார்ட்டர்ஸ் இல்லாவிட்டால் கல்யாணம் நிற்காது. அந்தப் பெண் நான் பேசிப் பார்த்தவரை கெட்டிக்காரி, கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் இருக்கமாட்டேன் என்று சொல்லமாட்டாள். அவளுக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். இன்றைக்கு மேனேஜர், நாளைக்கு வேறு யாரோ, அவளையும் பிள்ளையை இறக்கு என்பான். அப்போது நீ எந்தத் திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பாய் என்று மட்டும் யோசி. இந்த மாதம்தான் உனக்கு முதல் ஓட்டு. நீ யாருக்குப் போடுகிறாய் என்று நான் கேட்கமாட்டேன், செத்தாலும் கேட்கமாட்டேன். அது உன்னுடையது. உன் கீழே வேலை செய்கிறவர்களுடையது அவர்களுடையது.

இவ்வளவுக்குப் பிறகும் உனக்கு மனசு மாறாவிட்டால் சொல்லிவிடுகிறேன், வெள்ளிக்கிழமை நான் வருகிறேன். கடையை மூடிவிட்டு முதல் பஸ்ஸில் வருகிறேன். உன் ஆட்கள் எல்லோரும் பிள்ளைகளோடு வந்து நிற்கட்டும். முதலில் நீ அந்தக் கோயில் வாசலில் மண்ணில் படுக்க வேண்டும். அன்றைக்குத் திரும்பத் தாண்ட விடாமல் கோலை நீட்டினார்களே, அந்த ஒரு தாண்டல் எனக்குப் பாக்கி இருக்கிறது. உன் நைனா இருந்தவரை என்னால் தாண்ட முடியவில்லை, தாண்டினால் சத்தியத்தை மீறியதாக நானே ஒப்புக்கொண்டேன் என்று ஆகிவிடும். இனி எனக்கு அந்தத் தடை இல்லை. எல்லோர் கண்ணுக்கு முன்னாலும் அம்மனைப் பார்த்துக்கொண்டே உன்னைத் திரும்பத் தாண்டுவேன், எதற்குத் தாண்டுகிறேன் என்றும் உரக்கச் சொல்வேன். தாண்டிய சத்தியத்தை எப்படி ரத்து செய்வது என்று அத்தனை தாய்மாரும் பார்த்துக்கொள்ளட்டும். அதற்குப் பிறகு யாரிடம் சத்தியம் வாங்குகிறாயோ வாங்கு. அத்தனை பேருக்கு முன்னால் மண்ணில் படுக்க உனக்கு வெட்கமாக இருந்தால், இன்னொருத்தி பிள்ளையையும் அங்கே படுக்கச் சொல்லாதே.

டெரிலின் சட்டை வேண்டாம், மண் ஒட்டும். பழைய சட்டையாகப் போட்டுக்கொண்டு வா.

அம்மா